வாசகர் கேள்வி – பதில்: இணைப்பு விமானம் தவறினால் யார் பொறுப்பு?

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வெளிநாட்டுப் பயணம் குறித்து வந்த கடிதங்களில், இடையில் விமானம் மாறுவதைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஆஸ்டின் நகரில் இருக்கும் என் மகளின் பிரசவத்துக்காக நானும் என் கணவரும் முதல் முறையாக அமெரிக்கா போகிறோம். திருவனந்தபுரத்திலிருந்து தோஹா, அங்கிருந்து டல்லாஸ், பிறகு உள்நாட்டு விமானத்தில் ஆஸ்டின் என்று டிக்கெட் பார்த்திருக்கிறார்கள். தோஹாவில் 1 மணி 25 நிமிடமும் டல்லாஸில் 2 மணி நேரமும்தான் இடைவெளி. கணவருக்கு மூட்டுவலி, வேகமாக நடக்க முடியாது. ஏஜென்ட், “கம்ப்யூட்டரே அனுமதிக்கிறது, பயப்படாதீங்கம்மா” என்கிறார். நம்பலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஏஜென்ட் சொல்வது பொய்யல்ல, ஆனால் பாதி விவரம்தான். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும், ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறக் குறைந்தது இவ்வளவு நேரம் வேண்டும் என்று ஓர் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே போனால் கம்ப்யூட்டர் அந்த இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்து விற்காது. முதல் விமானம் சொன்ன நேரத்துக்கு வந்து சேரும், பயணி தடையின்றி நடப்பார் என்ற நம்பிக்கையில் வகுத்த அளவு அது. உங்கள் கணவரின் முழங்காலை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அந்த 85 நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள். அடுத்த விமானத்தின் வாயில், புறப்படும் நேரத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம் முன்பே அடைக்கப்பட்டுவிடும் என்பதால், கையில் இருப்பது 65 நிமிடம்தான். விமானம் தரையைத் தொட்டு, நிற்குமிடம் சேர்ந்து, கதவு திறந்து, முன்வரிசைகள் காலியாகக் கால் மணி நேரத்துக்குக் குறையாது. நிலையக் கட்டடத்தை ஒட்டி நிற்காமல் தொலைவில் நிறுத்திப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனால் இன்னும் கூடும். அதன் பிறகு மாறிச் செல்லும் பயணிகளுக்கான பாதுகாப்புச் சோதனை வரிசை, பிறகு வாயிலுக்கான நடை. அமெரிக்கா செல்லும் விமானம் என்றால் வாயிலருகே பாஸ்போர்ட்டையும் விசாவையும் மீண்டும் பார்ப்பார்கள்.

சக்கர நாற்காலி கேட்டால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அவசியம் கேளுங்கள், டிக்கெட் எடுக்கும்போதே பதிவுசெய்து, புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் சக்கர நாற்காலிப் பயணிகளை மற்றவர்கள் எல்லோரும் இறங்கிய பிறகே இறக்குவார்கள். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து போகும் விமானங்களில் இந்த உதவியைக் கேட்கும் பெரியவர்கள் நிறையப் பேர் இருப்பதால், விமானக் கதவுக்கு வெளியே வரிசையாக நாற்காலிகள் நிற்க, தள்ளிச் செல்ல ஆள் வரும்வரை அதில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டிவரும். நாற்காலி அலைச்சலையும் மொழிச் சிக்கலையும் குறைக்கும், நேரத்தைக் குறைக்காது. ஆகவே தோஹாவில் மூன்று முதல் நான்கு மணி நேர இடைவெளி உள்ள விமானத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது டல்லாஸ். தோஹாவில் உங்கள் பெட்டிகள் தாமாகவே அடுத்த விமானத்துக்குப் போய்விடும். அமெரிக்காவிலோ முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனையை முடித்து, பெட்டிகளைச் சுழல்பட்டையிலிருந்து நீங்களே எடுத்து, சுங்கச் சோதனையைக் கடந்து, மறுபடி ஒப்படைத்து, மீண்டும் பாதுகாப்புச் சோதனைக்குப் போக வேண்டும். “ஆஸ்டின் வரைக்கும் பெட்டி போட்டாச்சு” என்று திருவனந்தபுரத்தில் சொல்வது உண்மைதான் என்றாலும், டல்லாஸில் எடுத்துக் கொடுக்கும் வேலை உங்களுடையது. முதல் முறை போகும் பெரியவர்களுக்கு இதற்கு இரண்டு மணி நேரம் போதாது.

டல்லாஸிலிருந்து ஆஸ்டின் காரில் மூன்று, மூன்றரை மணி நேரம்தான். மருமகன் வந்து அழைத்துப்போக முடியும் என்றால், டிக்கெட்டை டல்லாஸ் வரை மட்டும் எடுப்பது உங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. ஆனால் ஆஸ்டின் வரை டிக்கெட் எடுத்துவிட்டு டல்லாஸிலேயே இறங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். ஒரு கட்டத்தில் ஏறாமல் விட்டால் அதே டிக்கெட்டில் அதற்குப் பின்னால் உள்ள பயணங்கள், ஊர் திரும்பும் பயணம் உட்பட, ரத்தாகிவிடும்.

மகளுக்கென்று நீங்கள் கொண்டுபோகும் நெய், ஊறுகாய், தேங்காய் எண்ணெய் எல்லாம் ஒப்படைக்கும் பெட்டியில்தான் இருக்க வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் பொருளை இடைநிலைச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். நெய் சொட்டும் நம் அல்வாவைக் கூட அங்குள்ளவர்கள் கூழ் வகையில் சேர்த்துப் பையைப் பிரித்துப் பார்க்க வாய்ப்புண்டு. குறைந்த இடைவெளியில் அந்தப் பத்து நிமிடம் பெரிது.

கேள்வி: நான் தம்மாமில் வேலை பார்க்கிறேன். தங்கச்சி கல்யாணத்துக்கு வருவதற்காக, தம்மாம்–ஷார்ஜா ஒரு நிறுவனத்திலும், ஷார்ஜா–திருவனந்தபுரம் போக வர இன்னொரு நிறுவனத்திலும் டிக்கெட் எடுத்தேன். மலிவாகக் கிடைத்தது. முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். இரண்டாவது விமானம் போய்விட்டது. அங்கேயே இரண்டு மடங்கு விலையில் புதிய டிக்கெட் வாங்கித்தான் ஊர் வந்தேன். லீவு முடிந்து திரும்பப் பார்த்தால் ரிட்டர்ன் டிக்கெட்டும் ரத்தாகிவிட்டது என்கிறார்கள். இது நியாயமா? பணம் கிடைக்குமா?
– ஒரு வாசகர், கடையநல்லூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படிக்கையில் மனம் மிகவும் வருந்தியது. பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு வருகிறவர்களே இந்தப் பள்ளத்தில் அதிகம் விழுகிறார்கள்.

இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்திருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவது தவறும்போது, கூடுதல் பணம் வாங்காமல் அடுத்த விமானத்தில் உங்களை ஏற்றிவிடுவது நிறுவனத்தின் கடமையாக இருந்திருக்கும். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்ததால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் குறித்த நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்பது அவர்களுடைய பொறுப்பாகாது. போகும் பயணத்துக்கு வராதவரின் திரும்பும் பயணத்தையும் ரத்து செய்யலாம் என்ற நிபந்தனை பெரும்பாலான நிறுவனங்களின் டிக்கெட்டில் உண்டு. புதிய டிக்கெட் வாங்கும் முன்பே அந்த நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, “போகும் பயணத்துக்கு வர முடியவில்லை, திரும்பும் பயணத்தை நிறுத்தி வையுங்கள்” என்று கேட்டிருந்தால் காப்பாற்றியிருக்க வாய்ப்புண்டு. கட்டணம் கேட்டிருக்கலாம், ஆனாலும் கேட்பதால் நஷ்டமில்லை. மற்ற வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி பணத்தைப் பற்றி. பயன்படுத்தாத டிக்கெட்டில் அடங்கிய விமான நிலையக் கட்டணங்களையும் வரிகளையும் திருப்பித் தருமாறு இரண்டாவது நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். அடிப்படைக் கட்டணம் போனாலும் இந்தப் பகுதி திரும்பக் கிடைக்கக்கூடும். அடுத்தது, தாமதம் செய்த முதல் நிறுவனம். 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை, சர்வதேசப் பயணத்தில் தாமதத்தால் பயணிக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பு என்கிறது. இந்தியாவில் அது 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது; சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் அதில் சேர்ந்த நாடுகளே. இந்த நஷ்டஈட்டின் உச்சவரம்பு, 28 டிசம்பர் 2024 முதல் ஒரு பயணிக்கு 6,303 எஸ்.டி.ஆர். என்று உயர்த்தப்பட்டிருக்கிறது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் இந்த வரம்பு ஏழு லட்சம் ரூபாயைத் தாண்டும். இது வரம்புதானே தவிர, எல்லோருக்கும் கிடைக்கும் தொகை அல்ல. புதிய டிக்கெட்டின் ரசீது போன்ற சான்றுகளால் நஷ்டத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும். தாமதத்தைத் தவிர்க்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தோம் என்று நிறுவனம் காட்டிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும். டிக்கெட்டுகள் தனித்தனி என்பதையும் அவர்கள் எதிர்வாதமாக வைப்பார்கள். ஆகவே முதலில் ரசீதுகளோடு எழுத்து மூலமாகக் கேளுங்கள். இத்தகைய வழக்குக்கு இரண்டு ஆண்டுக் கெடு உண்டு என்பதால் தள்ளிப் போடாதீர்கள்.

ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுப்பவர்களும் இணையத்தில் எடுப்பவர்களும் பணம் கட்டும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். இரண்டு நிறுவனங்களின் டிக்கெட்டை ஒரே தாளில், ஒரே பயணம் போல அச்சடித்துத் தரும் பழக்கம் பெருகியிருக்கிறது. பி.என்.ஆர். ஒன்றாகத் தெரிந்தால் மட்டும் போதாது. 13 இலக்க டிக்கெட் எண்ணைக் கேளுங்கள். அதன் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தைக் குறிக்கும். எமிரேட்ஸுக்கு 176, கத்தார் ஏர்வேஸுக்கு 157, ஏர் இந்தியாவுக்கு 098. இரண்டு விமானங்களுக்கும் ஒரே டிக்கெட் எண் இருந்தால் பயணம் ஒன்று. இடையில் என்ன நடந்தாலும் கேட்க ஆள் உண்டு. வெவ்வேறு எண் இருந்தால், முதலாவது தாமதமாகும் ஆபத்து முழுவதும் உங்கள் தலையில். மலிவு விலையில் கிடைத்த நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் மிச்சம் உண்மையில் அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டதற்கான கூலிதான். விவரம் தெரிந்து ஏற்றுக்கொள்பவரைக் குறை சொல்ல முடியாது. விவரம் சொல்லாமல் விற்பவரின் செயலை நான் ஏற்கவில்லை.

தனித்தனியாக எடுத்தே ஆக வேண்டும் என்றால், நடுவில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள். இரண்டாவது பயணத்துக்கு அந்த நாளின் கடைசி விமானத்தை எடுக்காதீர்கள். தனி டிக்கெட்டில் பெட்டியை வெளியே சென்று எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டிவரும் என்பதால், இடையில் உள்ள நாட்டுக்குள் நுழைய விசா தேவைப்படலாம்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்து, 1 மணி 45 நிமிடத்தில் தூத்துக்குடி விமானம் பிடிக்க முடியுமா?
– ஒரு வாசகர், ஏரல்

பதில்: எல்லாம் கூடி வந்தால் முடியும், நம்பி எடுக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வருபவர், இந்தியாவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனையைக் கடக்க வேண்டும் என்பதே பொதுவான நடைமுறை. சென்னையில் பன்னாட்டு விமானங்கள் இரண்டாவது முனையத்துக்கு வருகின்றன. உள்நாட்டுப் பயணத்துக்கு வெளியே வந்து, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஒன்றாவது அல்லது நான்காவது முனையத்துக்குப் போக வேண்டும். அங்கே பெட்டி ஒப்படைக்கும் கவுன்டர் புறப்பாட்டுக்கு 45 முதல் 60 நிமிடம் முன்பே மூடப்படும். அதாவது சிங்கப்பூர் விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காவிட்டாலும், குடியேற்ற வரிசை, சுழல்பட்டை, சுங்கம், முனையம் மாறுதல் எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்களிடம் இருப்பது ஒரு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவு. குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் பெட்டியை ஒப்படைக்கும்போது ஒட்டும் பட்டியைப் படித்துப் பாருங்கள். டி.சி.ஆர். என்று இருந்தால் தூத்துக்குடி, எம்.ஏ.ஏ. என்றால் சென்னையோடு சரி. டி.சி.ஆர். என்றே இருந்தாலும் சென்னையில் எடுத்துச் சுங்கம் முடித்துத் திரும்பக் கொடுக்க வேண்டுமா என்று அந்தக் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள். பட்டி ஒட்டிவிட்டார்களே என்று நேராகத் தூத்துக்குடி விமான நிலையம் உள்ள வாகைக்குளத்தில் வந்து நின்றுவிட்டு, சென்னையில் தங்கிவிட்ட பெட்டிக்காக நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு. சென்னைக்குப் பகலிலேயே வந்து சேர்பவர்கள், விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போய், இரவு நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். அல்லது சிங்கப்பூரிலிருந்து நேராகத் திருவனந்தபுரம் வந்து, நாகர்கோவில் வழியாகச் சாலையில் வரலாம். இணைப்பே இல்லாத பயணம் என்பதால் எனக்கு இதுவே பிடித்த வழி. ஆனால் திருவனந்தபுரத்தில் ஒரு சிறப்பு உண்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்தே சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும். அந்த இரண்டு நாள்களில் மாலையிலிருந்து சில மணி நேரத்துக்கு விமானங்கள் இயங்குவதில்லை. நேரங்களை முன்கூட்டியே மாற்றிவிடுவார்கள். அந்த மாதங்களில் அங்கிருந்து கிளம்பி வேறெங்காவது விமானம் மாறுபவர்கள், இடைவெளி குறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே டிக்கெட் என்றால் கூடுதல் கட்டணமின்றி வேறு இணைப்புக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

கேள்வி: அடுத்த விமானம் தவறப்போகிறது என்று நடுவானிலேயே தெரிந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: விமானப் பணிப்பெண்ணிடம் போர்டிங் பாஸைக் காட்டிச் சொல்லுங்கள். முன்வரிசைக்கு மாற்றி உட்காரவைப்பதும், கீழே ஆள் நிறுத்தி அழைத்துப்போவதும் உண்டு. இறங்கியதும் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே போகாமல், இடைமாற்றக் கவுன்டருக்கே செல்லுங்கள். வரிசையில் நிற்கும்போதே செல்பேசிச் செயலியையும் பாருங்கள். புதிய விமானத்தில் உங்களை ஏற்கெனவே பதிந்திருக்கக்கூடும். ஒரே டிக்கெட் என்றால் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் கேளுங்கள். விசா இல்லாவிட்டால் நிலையத்துக்குள்ளேயே தங்க இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெட்டி எந்த விமானத்தில் வரும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். அவர்கள் மறுத்துவிட்டதற்கு எழுத்தில் ஒரு சான்று கிடைக்கும்வரை பதற்றத்தில் சொந்தப் பணத்தில் புது டிக்கெட் வாங்காதீர்கள். தாமதத்தைக் காட்டும் அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்து வையுங்கள். பழைய போர்டிங் பாஸைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகன் ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் படிக்கிறான். விமானம் தாமதமானால் 600 யூரோ தருவார்கள் என்கிறான். உண்மையா? அவனைப் பார்க்க நாங்கள் போகும்போதும் பொருந்துமா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: உண்மைதான், ஆனால் எந்தத் திசையில், யாருடைய விமானத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இந்த இழப்பீடு பொருந்தும். அதனால் மகன் ஹாம்பர்க்கிலிருந்து ஒரே டிக்கெட்டில் கிளம்பி, வளைகுடாவில் இணைப்பைத் தவறவிட்டு, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக இந்தியா வந்து சேர்ந்தால் கேட்கலாம். இங்கிருந்து போகும்போது, ஐரோப்பிய நிறுவனம் இயக்கும் விமானம் என்றால் மட்டுமே பொருந்தும். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் செல்லும் லுஃப்தான்ஸாவுக்குப் பொருந்தும்; வளைகுடா நிறுவனத்தில் போனால் பொருந்தாது. கடும் வானிலை போன்ற, நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. அப்போதும் சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டும்.

நீங்கள் ஃபிராங்ஃபர்ட்டில் மாறி ஹாம்பர்க் போவதானால், குடியேற்றச் சோதனை ஃபிராங்ஃபர்ட்டிலேயே நடக்கும். குறுகியகால விசாவில் வருவோரின் கைரேகையையும் முகப்படத்தையும் பதியும் முறை அக்டோபர் 2025இல் தொடங்கியிருப்பதால், முதல் முறை போகும் நீங்கள் வரிசையில் கூடுதலாக நிற்க வேண்டிவரும். மூன்று மணி நேர இடைவெளி வையுங்கள்.

கேள்வி: என் வாப்பாவும் உம்மாவும் உம்ரா முடித்துத் திரும்பும்போது இடையில் விமானம் தவறி, நிறுவனமே மறுநாள் விமானத்தில் அனுப்பிவைத்தது. ஆனால் இரண்டு பெட்டிகளில் ஒன்று வரவில்லை. ஐந்தாம் நாள்தான் வீட்டுக்கு வந்தது. அதற்குள் வாப்பாவின் சர்க்கரை மாத்திரை, உம்மாவின் மூக்குக்கண்ணாடி என்று பலவற்றைப் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. விமான நிலையத்தில் எழுதிக்கொடுத்த புகார்த் தாள் இருக்கிறது. பெட்டி வந்து இன்றோடு 12 நாள் ஆகிறது. இனிமேல் கேட்க முடியுமா?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: முடியும், ஆனால் நாள் குறைவு. மேலே சொன்ன மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி தாமதமாக வந்ததற்கான கோரிக்கையை, அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலம் கொடுத்தாக வேண்டும். பொருள் சேதமடைந்திருந்தால் அந்தக் கெடு 7 நாள்தான். நிலையத்தில் எழுதிக்கொடுத்த தாள் பெட்டி வரவில்லை என்பதற்கான சான்று. அதையே பணம் கேட்கும் கோரிக்கையாக நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளாமல் போகலாம். எனவே தனியாக எழுதுங்கள். மாத்திரை, கண்ணாடி, அவசரத்துக்கு வாங்கிய துணி ஆகியவற்றின் ரசீதுகள், பெட்டிப் பட்டியின் நகல், போர்டிங் பாஸ், புகார்த் தாளின் எண் ஆகியவற்றை இணைத்து மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பயணப் பெட்டிகளுக்கான உச்சவரம்பு இப்போது ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் என்பதால், நியாயமான செலவைக் கேட்கத் தயங்க வேண்டாம். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அங்கேயும் தனியாக விண்ணப்பியுங்கள்.

பதில் வராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ, மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகாரைப் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் வாப்பாவின் வழக்கைத் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே நடத்த முடியும். ஆனால் அந்த 21 நாள் கெடுவைத் தவறவிட்டால் வழக்கின் அடிப்படையே போய்விடும். உங்களுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. இந்த இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரத் தாமதமாகும் என்பதால், இதே பதிலை உங்கள் முகவரிக்குக் கடிதமாக நேற்றே அனுப்பிவிட்டோம்.